மரத்து மேல யாருமில்ல

மணிலா
6 செப்டம்பர் 1987

கும்பாரே ஓர்யோங்,

நலமா இருப்பேன்னு நம்புறேன். தயாபாஸ் பஸ் கண்டக்டர்கிட்ட ஒரு பொட்டலம் குடுத்து விட்டிருக்கேன். உள்ளே ஒரு புத்தகம். 'மாடிப்படி'ன்னு பேரு. நாவல். எழுதினது என் மக எர்லிந்தா.

நான் பிரிச்சுப் பாக்கல. பாக்கறதாவும் இல்லை. ஆனா கட்சி ஆபீஸ்ல எல்லாரும் படிச்சுட்டாங்க. நான் உள்ளே நுழைஞ்சா பேச்சு நின்னு போகுது. ஜனவரியில கவர்னர் தேர்தல். எனக்கு சீட்டு உண்டா இல்லையான்னு நவம்பர் இருபதாம் தேதி முடிவு பண்ணப் போறாங்க. அறுபத்திரண்டு வயசுல இது என் கடைசி வாய்ப்பு. இந்த நேரம் பாத்து சொந்த மகளே இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்கா.

ஆத்தங்கரைச் சம்பவம் அதுல வருதாம்.

நீ படி. நாலாங்கிளாஸ் படிச்ச உனக்கே புரியுதுன்னா ஊருக்கே புரியும். கதையில வர்ற ஆள் யாருன்னு கினாலின் ஜனங்க கண்டுபிடிப்பாங்களா? அதை மட்டும் எழுது. சீக்கிரம்.

பிலோ
(அட்டார்னி தியோஃபிலோ வில்லாபெர்தே)


கினாலின், தயாபாஸ்
20 செப்டம்பர்

கும்பாரே பிலோ,

கையெழுத்துக்குக் கீழ ரப்பர் ஸ்டாம்பு வேற குத்தியிருக்க. எம் புள்ளைக்கு ஞானத்தகப்பன், அந்த மொறையில எனக்குக் கும்பாரே, எனக்கு எழுதுற கடுதாசிக்கே ஸ்டாம்பா? ஆத்துல ஒண்ணா அம்மணமா குதிச்ச பயலுக்கு?

முப்பது வருஷமா கிறிஸ்மஸுக்கு ஒரு காலண்டர்தான் அனுப்புவ. பன்னெண்டு மாசமும் உம் மூஞ்சி. போன வருஷத்தத கோழிக்கூண்டுல ஒழுகுற எடத்துல வெச்சு அடிச்சேன். கோழிங்க முட்டை போடறத நிறுத்திருச்சு. திருப்பிப் போட்டு அடிச்சதுக்கப்புறம்தான் போடுதுங்க. இப்ப கடுதாசி வந்திருக்குன்னதும் எம் மக பசிங், "ஞானத்தகப்பன் செத்துட்டாரா?"ன்னு ஓடியாந்தா.

சரி, புத்தகம். நாலாங்கிளாஸ்னு குத்திக் காட்டின. நாலாங்கிளாஸ் பாதியிலயே நின்னுட்டேன்டா, அதையும் சேத்து எழுதியிருக்கலாம். ஒரு வரிக்கு ஒரு வெரல வெச்சு, வாய்விட்டுப் படிக்கிறேன். மரம் ஏறறத விட்டு ஏழு வருஷமாச்சு. இடுப்பு ஒடிஞ்சவனுக்கு வேற என்ன வேலை? சன்னல் பக்கத்துல பெஞ்சு போட்டுக்கிட்டு ஒக்காந்தா ஒரு அத்தியாயம் முடிய ரெண்டு நாள் ஆகுது.

கஸ்தோர்னு ஒருத்தன். செருப்பில்லாம பள்ளிக்கூடம் போறான். அப்பன் தேங்கா உரிக்கிறவன். மேயர் வீட்டுக்குத் தேங்கா கொண்டு போனா கொல்லப்பக்கமாத்தான் வரணும். முன்வாசல்ல தேக்குல செஞ்ச மாடிப்படி ஒண்ணு பளபளன்னு நிக்குது. அதுல ஒரு நாளாச்சும் செருப்புச் சத்தம் கேக்க ஏறணும்னு பயலுக்கு ஆசை. அவ்ளோதான் கதை. அந்த ஒரு படிக்கட்டுக்காக வாத்தியாராகுறான், ராத்திரி பகலா படிக்கிறான், சிரிக்க வேண்டிய எடத்துல சிரிக்கிறான், குனிய வேண்டிய எடத்துல குனியுறான்.

குத்தம் சொல்லணும்னா நெறைய இருக்கு. உம் மக கதையில மழை ஓய மாட்டேங்குது. நாலு அத்தியாயத்துல மூணு வெள்ளம். காஞ்ச மாசம்னு ஒண்ணு இருக்குன்னு அவளுக்கு யாரும் சொல்லலையா? அப்புறம் இந்தக் கஸ்தோர் சும்மா சும்மா கண்ணாடி பாக்குறான். நம்ம காலத்துல கண்ணாடி ஏது? அருவாப் பட்டையில பாத்துத்தானே நீ தலை சீவுவ, மூக்கு ஒரு பக்கமாப் போயிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்றேன். பய ஜெயிக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. அந்தப் படிய ஏறிருடான்னு நானே வாய்விட்டுச் சொல்லிட்டேன். பசிங் அடுப்படியிலருந்து எட்டிப் பாத்து, "யாருகூடப்பா பேசுற?"ங்குறா.

ஊர்ல கண்டுபிடிப்பாங்களான்னு கேட்ட. பசிங்குக்கு ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டினேன். "இது ஞானத்தகப்பன்தானே?"ன்னு கேட்டா. ரெண்டே பக்கம்.

ஓர்யோங்


மணிலா
28 செப்டம்பர்

கும்பாரே,

விளையாட்டை நிறுத்து. மழை பெய்யுதா வெயில் அடிக்குதான்னு நான் கேக்கல. நேரா ஆத்தங்கரை அத்தியாயத்துக்குப் போ. பதினொண்ணாவதுன்னு சொல்றாங்க. நாப்பது பக்கம் தாண்டிப் படிச்சா ஒண்ணும் குறைஞ்சுடாது.

பசிங் கிட்ட ஏன் படிச்சுக் காட்டினே? வேற யார்கிட்டயும் காட்டாதே. முக்கியமா அந்த ஆளு காதுக்குப் போகக் கூடாது. யாரைச் சொல்றேன்னு உனக்குத் தெரியும்.

தூக்கம் வர மாட்டேங்குது. பதில் போடு.

பிலோ


கினாலின்
11 அக்டோபர்

கும்பாரே,

தாண்டிப் படிக்கச் சொன்ன. தாண்டல. வரிசையாத்தான் வந்தேன். நீ கெஞ்சினா எனக்கு இன்னும் மெதுவாப் படிக்கத் தோணுது, என்ன பண்ண?

பதினொண்ணு முடிச்சு நாலு நாளாச்சு. நாலு நாளா ஒரு எடத்துல ஒக்கார முடியல. பெஞ்சுல ஒக்காந்தா வாசலுக்குப் போகணும்போல இருக்கு. வாசலுக்குப் போனா மறுபடி அந்தப் பக்கத்த எடுத்துப் பாக்கணும்போல இருக்கு. சோத்துல கைய வெச்சுட்டு எழுந்து போறேன். பசிங் எனக்கு வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்துட்டா.

நீதான் படிக்க மாட்டேன்னு அடம் புடிக்கிறியே, சொல்றேன் கேளு. தேர்தல். நம்ம அம்பத்தொண்ணாம் வருஷத் தேர்தல் மாதிரியே. பள்ளிக்கூடம்தான் ஓட்டுச்சாவடி, கஸ்தோர் வாத்தியார்தான் சாவடித் தலைவர். எண்ணிப் பாத்தா மேயர் தோத்துட்டாரு. பெட்டிய டவுனுக்குக் கொண்டு போகணும், கணக்குத் தாளும் பெட்டிக்குள்ளயே இருக்கு. எருமை வண்டி பேசுறாங்க. வண்டிக்காரன் ரூபென்னு ஒருத்தன். பொழுது விடியுற நேரம், நடு ஆத்துல வண்டி எறங்குது. வண்டிக்காரன் எருமைய அதட்டிக்கிட்டு முன்னாடி பாக்குறான். கஸ்தோர் பின்னாடி கால வெச்சு ஒரே தள்ளு. பெட்டி தண்ணிக்குள்ள.

அப்ப ரூபென் என்ன பண்றான்? யோசிக்கவே இல்ல. குதிச்சுடுறான். அடிச்சுட்டுப் போற பெட்டிய மார்ல அணைச்சுக்கிட்டு நூறு அடி தள்ளி கரையேறுறான். பெட்டி ஒடைஞ்சு காயிதமெல்லாம் கூழாப் போச்சு. சத்தம் கேட்டு ஜனம் வர்றப்ப பெட்டி அவன் கையில இருக்கு. கஸ்தோர் வெரல நீட்டுறான். "திருடன்!"

காப்பாத்தக் குதிச்சவன் ஆறு வருஷம் உள்ள போறான். வாத்தியார மேயர் தங்கமா வெச்சுக்கிட்டு சட்டம் படிக்க வைக்கிறாரு.

எர்லிந்தாவுக்கு இதெல்லாம் யாரு சொன்னாங்களோ, எருமையோட கொம்பு ஒடைஞ்சது வரைக்கும் சரியா இருக்கு. வண்டிக்காரன் பேரத்தான் மாத்தியிருக்கா. நம்ம அமாந்தோவ ரூபென் ஆக்கிட்டா. ஊரே 'பொட்டி'ன்னு கூப்புடுதே, அந்த அமாந்தோவ.

ஆனா ஒரு வரி இருக்கு பாரு. கஸ்தோர் தள்ளிட்டு அண்ணாந்து பாக்குறான். "தென்னைகளின் உச்சியில் யாரும் இல்லை. காற்று மட்டும் இருந்தது."

யாரும் இல்லையாம்!

டேய், கள்ளு எறக்க தென்னை உச்சிக்கு உச்சி கட்டியிருந்த மூங்கில் பாலத்து மேல, கள்ளு புடிக்கிற மூங்கில் குழாய முதுகுல மாட்டிக்கிட்டு நான் நின்னுக்கிட்டிருந்தேனே. காத்தாம், காத்து! எருமைக் கொம்பக் கூட விட்டு வெக்காம எழுதியிருக்கா, என்னத் தொடச்சுட்டா.

மொதல்ல சிரிப்பு வந்துச்சு. கோவம் மாதிரிகூட இருந்துச்சு. அப்புறந்தான் அந்த வரிய மறுபடி எடுத்துப் பாத்தேன். அவ எழுதுனது தப்பில்லையே. கோர்ட்டுக் கணக்குப்படி அந்த மரத்துல யாரும் இல்லதானே.

நீ நிமிந்து பாத்த. நான் குனிஞ்சு பாத்தேன். ஞாபகம் இருக்கா?

ஓர்யோங்


மணிலா
19 அக்டோபர்

கும்பாரே ஓர்யோங்,

ஞாபகம் இருக்கு.

அவ அம்மா சொல்லியிருக்கா. போன வருஷம் சாகறதுக்கு முன்னாடி. நான் அவகிட்ட மட்டும்தான் சொன்னேன், அதுவும் ஒரே ஒரு தடவை. உன்னைப் பத்தி அவளுக்கும் சொல்லல. அதனாலதான் எர்லிந்தாவுக்கு மரத்து மேல யாரும் இல்லை.

நல்லதாப் போச்சு. யோசிச்சுப் பாத்தேன். நீ இருந்தே. அதை நாம இப்ப சொல்லலாம்.

இதோட ஒரு பத்திரம் வெச்சிருக்கேன். நீ அன்னைக்குக் காலையில மரத்து மேல இருந்ததாவும், அமாந்தோ பெட்டியைத் தள்ளினதைக் கண்ணால பாத்ததாவும் அதுல இருக்கு. டவுன்ல நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு அனுப்பு. இதைக் கட்சியில காட்டினா போதும். நாவல்ல வர்றது ஒரு கோவக்காரப் பொண்ணோட கற்பனைன்னு ஆயிடும். எர்லிந்தா மேல கேஸ் போட மாட்டேன், பயப்படாதே. அவ என் மக.

அமாந்தோவுக்கு இதனால புதுசா என்ன நஷ்டம்? தண்டனை முடிஞ்சு போச்சு.

உன் மருமகனுக்கு மாகாண ஆபீஸ்ல டிரைவர் வேலை காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. என் ஞான மகளோட புருஷன், அவ்வளவுதான்.

நவம்பர் இருபதுக்குள்ள வேணும்.

உன் கும்பாரே


கினாலின்
30 அக்டோபர்

வக்கீலய்யா,

பத்திரம் வந்துச்சு. நல்ல காயிதம். எம் பேரு இவ்ளோ அழகா டைப் அடிச்சு நான் பாத்ததே இல்ல. "வயது முதிர்ந்த, நல்ல மனநிலையில் உள்ள." பசிங் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கா நல்ல மனநிலைன்னு.

கையெழுத்து இன்னும் போடல.

முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தி ஒனக்கு நான் மரத்துல இருக்கக் கூடாது. இப்ப இருக்கணும். நானும் ஏணிய எடுத்துட்டு எறங்கவும் ஏறவும் தயாரா நிக்கணும். நல்லாத்தான் வேலை வாங்குற.

ஒரு விஷயம் கேக்குறேன். அந்த வெள்ளக் கவுன் எந்தக் கடையில வாங்குன? சரிகைப் பூப்போட்ட கவுனு, தொப்பி, ரெண்டு சாண் நீளத்துக்கு ரிப்பன். பெட்டி தண்ணியில விழுந்து மூணாம் நாளு எங்க வாசல்ல வந்து நின்ன. பசிங் பொறந்து ஒம்போது நாளு. எம் பொண்டாட்டி சொலெங் புள்ளையத் தூக்கிக்கிட்டு அப்பவே கெளம்பிட்டா. வாத்தியாரு, நம்ம புள்ளைக்கு ஞானத்தகப்பனா நிக்கிறேங்குறாருன்னு தெரு பூரா சொல்லிட்டு வந்தா. ஞாயித்துக்கிழமை கோயில்ல எம் புள்ளையக் கையில ஏந்திக்கிட்டு மெழுகுவத்தி புடிச்சு நின்ன. சாமியார் தண்ணி ஊத்துறப்ப நீ புள்ளையப் பாக்கல. என்னப் பாத்த.

ஒரு வார்த்தை பேசல நாம ரெண்டு பேரும். பேசவா வேணும்? கோயிலுக்குள்ள போறப்ப ஊர்க்காரனா போன. வெளிய வர்றப்ப கும்பாரே. கும்பாரே மேல கோர்ட்டுல போயி சாட்சி சொன்னவன் நம்மூர்ல எவன் இருக்கான்? அப்பிடி ஒருத்தன் சொன்னா அவன் வீட்டு சாவுக்குக்கூட நாய் வராது. நீ வாத்தியாரு, கணக்கு நல்லாப் போடுவ.

டிசம்பர்ல கேஸ் நடந்தப்ப நான் மூங்கில் வெட்டப் போறேன்னு மலைக்குப் போயிட்டேன். எங்கிட்ட ரெண்டு வருஷத்துக்கு வேண்டிய மூங்கில் ஏற்கெனவே இருந்துச்சு.

இத மட்டும் சொல்லி முடிச்சா நீ கெட்டவன், நான் பாவம்னு ஆயிரும். முடியாது. இன்னொண்ணும் இருக்கு. அமாந்தோ ஜெயில்லருந்து வந்த அன்னைக்கு சேவக்கட்டு. எல்லாரும் அங்கதான் இருந்தோம். அவன் வந்து ஓரமா நின்னான். மொட்டைத் தலை, எலும்பும் தோலுமா. சத்தமே அடங்கிப் போச்சு. எனக்கு அந்த அமைதி தாங்கல. யாராச்சும் என்னப் பாத்துருவாங்களோன்னு இருந்துச்சு. "டேய், பொட்டி வந்துட்டான்டா! சேவல் கட்டுற கூடைய எல்லாம் பத்திரமா பாத்துக்கோங்க!"ன்னு கத்துனேன். ஊரே சிரிச்சுது. அன்னைக்கு ஒட்டுன பேருதான். அவன் புள்ளைங்க பொட்டி மவன், பொட்டி மவ. பேரப் புள்ளைக்கும் அதே பேரு. எனக்கு அத விட நல்ல சிரிப்பு வேற எதுக்கும் கெடைச்சதில்ல.

உம் மக இந்த எடத்தையும் எழுதல. அவளுக்கு யாரு சொல்லுவா?

கஸ்தோர் பெட்டியத் தள்ளுறதுக்கு முந்தின பக்கத்துல, தள்ளுடான்னு நானும் நெனச்சேன் பிலோ. படிக்கிறப்ப. ரூபென் யாருன்னு நல்லாத் தெரிஞ்ச நானே. புத்தகம் அப்பிடி என்ன அங்க கொண்டு போயி நிறுத்திருச்சு. அதுலருந்துதான் சோறு எறங்கல.

ஓர்யோங்


மணிலா
5 நவம்பர்

ஓர்யோங்,

படிச்சுட்டேன். நேத்து காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் முடிச்சேன். டெலிபோன் மணி அடிச்சுக்கிட்டே இருந்துது.

அவ என்னைக் கெட்டவனா எழுதல. அதான் தாங்க முடியல. திட்டியிருந்தா ஒரு பதில் நோட்டீஸ் அனுப்பியிருப்பேன். ஒவ்வொரு படியிலயும் கூடவே வந்து, இவன் ஏன் ஏறுறான்னு புரிஞ்சுக்கிட்டு எழுதியிருக்கா. இவ்வளவு புரிஞ்சவ எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?

நீ நல்லவன் மாதிரி எழுதுறே. உனக்கு என்ன தெரியும்? இருபத்தாறு வயசு. மேயர் ஆளை அனுப்பி, பெட்டி போய்ச் சேர்ந்தா என் வேலை போகும்னு சொன்னாரு. அப்பா படுக்கையில கிடந்தாரு. தங்கச்சிங்க மூணு பேர். கஸ்தோருக்கு அவ தங்கச்சிகளையே வைக்கல, கவனிச்சியா? அமாந்தோ குதிப்பான்னு நான் கனவா கண்டேன்? பெட்டி போயிடுச்சு, வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சுன்னு சொல்லி முடிச்சிருப்பேன். அந்த முட்டாள் குதிச்சுட்டான். கரையேறி வந்து, "வாத்தியாரே, புடிச்சுட்டேன்!"னு சிரிச்சான் ஓர்யோங். அதுவும் புத்தகத்துல இல்லை. என் பொண்டாட்டிக்குக்கூட நான் அதைச் சொல்லல.

அதுக்கப்புறம் நான் எதுவும் செய்யலையா? அந்த ஆத்துல இன்னைக்கு நிக்கிற பாலம் யார் கட்டினது? உயர்நிலைப் பள்ளி யார் கொண்டு வந்தது? அமாந்தோ பேரப் பிள்ளைங்க அந்தப் பாலத்துல நடந்து அந்தப் பள்ளிக்குத்தான் போகுதுங்க. கவர்னர் ஆனா இன்னும் எவ்வளவோ செய்வேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. கேக்கறது உன் கும்பாரே.

பிலோ


கினாலின்
14 நவம்பர்

பிலோ,

ரெண்டு நாளு முன்னாடி அமாந்தோ வீட்டுக்குப் போனேன். ஒம் பாலத்துல நடந்துதான். நல்ல பாலம். இடுப்பு வலியில மூணு எடத்துல நின்னேன், கைப்புடிச் சுவரு ஒசரம் சரியா இருந்துச்சு.

ஒரு கக்கத்துல புத்தகம். சட்டைப் பையில ஒம் பத்திரம். என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல, அதையும் சொல்லிடறேன்.

வாசல்ல ஒக்காந்து மூங்கில் சீவி மீன் கூடு முடைஞ்சுக்கிட்டிருந்தான். இப்ப கண்ணு ரெண்டும் மங்கல். காலடிச் சத்தத்த வெச்சே ஆளச் சொல்றான்.

"ஓர்யோங்கா? இழுத்து இழுத்து நடக்கிறதக் கேட்டா வேற எவனா இருக்கும்? இவ்ளோ தூரம் எதுக்குடா வந்த? புதுசா எதுவும் பேரு வெக்கவா?"

"புத்தகம் படிச்சுக் காட்ட வந்தேன்."

"நீயா? படிச்சா?" இருமுற வரைக்கும் சிரிச்சான். "சரி, ஒக்காரு. கூலி எதுவும் கேக்காத."

பதினொண்ண எடுத்துப் படிச்சேன். வெரல வெச்சு வெச்சு. அவன் கத்திய நிறுத்தல, மூங்கிலச் சீவிக்கிட்டே கேட்டான். எருமை வர்ற எடத்துல மட்டும், "எடது கொம்பில்ல, வலது கொம்பு"ன்னு திருத்துனான். ரூபென் குதிக்கிற எடம் வந்தப்ப கத்தி நின்னுச்சு. அப்புறம் மறுபடி சீவ ஆரம்பிச்சுது. தென்னை உச்சியில யாரும் இல்லங்கிற வரிய நான் படிச்சேன். புத்தகத்த மூடினேன்.

"அமாந்தோ, அங்க ஆளு இருந்துச்சு."

"தெரியும்."

"நாந்தான்டா."

"தெரியும்னு சொல்றேன்ல. தண்ணியிலருந்து தலையத் தூக்குறேன், மேல மூங்கில்ல ரெண்டு காலு நிக்குது. ஊருக்குள்ள அப்பிடிக் கோணல் காலு வேற யாருக்கு இருக்கு?"

கால உள்ள இழுத்துக்கிட்டேன்.

"அப்ப கோர்ட்ல ஏன்டா எம் பேரச் சொல்லல?"

"ரெண்டு நாளு கதவையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நீயே வருவேன்னு. மூணாம் நாளு எங்க வக்கீலு கேட்டாரு, வேற யாராச்சும் பாத்தாங்களான்னு. இல்லன்னுட்டேன்."

"ஏன்?"

"அதுக்குள்ள ஞானஸ்நானம் முடிஞ்சிருந்துச்சே. இழுத்துட்டு வந்து நிறுத்தியிருந்தா நீ வாத்தியாரு சொன்னதத்தான சொல்லியிருப்ப. ஒரு சாட்சிக்கே ஆறு வருஷம். ரெண்டு சாட்சின்னா?"

அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டேன்டான்னு சொல்ல வாயத் தெறந்தேன் பிலோ. பையில ஒம் பத்திரம் நெஞ்சுல குத்துது. மூடிக்கிட்டேன்.

அப்புறம் பத்திரத்த எடுத்து அதையும் படிச்சுக் காட்டினேன். நல்ல மனநிலைங்கிற எடத்துல அவனும் சிரிச்சான். நான் போயி உண்மைய எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னேன்.

"எப்ப?"

"இந்த வாரத்துல."

கத்திய எடுத்து வெச்சுட்டு எழுந்துட்டான். "இப்பவே கெளம்பு. நான் கூட வரேன். தனியா விட்டா பாதி வழியில திரும்பி மூங்கில் வெட்டப் போயிருவ."

மலைக்குப் போனதும் தெரிஞ்சிருக்கு பாரு.

ஜீப்னியில ஏறுறப்ப டிரைவரு, "என்ன பொட்டி, டவுனுக்கா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க, எப்பவும் போல. ஒரு சிரிப்புக்கு மேல ஒரு சிரிப்பு போடுறவன் நானு. அன்னைக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அமாந்தோதான் என்னத் தட்டி, "வண்டிக்கூலி குடுடா"ன்னான்.

நோட்டரி பொண்ணு சின்னப் பொண்ணு. மரத்து மேல நின்னது, பாத்தது, நீ நிமிந்தது, கவுனு, மலை, சேவக்கட்டு, எல்லாம் சொன்னேன். டைப் அடிச்சுக்கிட்டே, "சேவக்கட்டு கேஸுக்கு சம்பந்தமில்லையே"ன்னா. எனக்கு சம்பந்தம் உண்டும்மா, போடுன்னேன். நாலு காப்பி. ஒண்ணு அமாந்தோவுக்கு. ஒண்ணு எர்லிந்தாவுக்கு அன்னைக்கே தபால்ல சேத்தாச்சு, மரத்துல ஆளு இருந்துச்சும்மான்னு ஒரு துண்டுச் சீட்டும் வெச்சு. ஒண்ணு இதோட ஒனக்கு.

நாலாவது ஒங்கட்சி ஆபீசுக்கு. அத இன்னும் அனுப்பல. இருபதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாளு இருக்கு. நீயே போயி, நீயே சொல்லு. ஒனக்கு அந்த எடத்த விட்டு வெச்சிருக்கேன். எனக்கு அமாந்தோ ரெண்டு நாளு விட்டு வெச்சான், நான் போகல.

ஒம் பத்திரத்தத் திருப்பி அனுப்புறேன். பின்பக்கம் காலியா இருக்கு, வீணாக்காத.

ஓர்யோங்


மணிலா
23 நவம்பர்

கும்பாரே,

இருபதாம் தேதி நான் கூட்டத்துக்குப் போகல. முந்தின நாளே லெட்டர் குடுத்துட்டேன், தேர்தல்ல நிக்கலைன்னு. உடல்நலக் காரணம்னு போட்டிருக்கேன். எல்லாரும் வருத்தப்பட்டாங்க. பூங்கொத்துகூட வந்துது.

ஆக எல்லாம் முடிஞ்சுது. நாலாவது காப்பிக்கு இனி அவசியம் இல்லை. கிழிச்சுப் போட்டுடு.

எர்லிந்தா போன் பண்ணினா. நான் எடுக்கல. மறுபடி அடிச்சுது, எடுத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. அவளும் வைக்கல, நானும் வைக்கல.

ஒண்ணு கேக்கணும். அமாந்தோ என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?

பிலோ


கினாலின்
2 டிசம்பர்

பிலோ,

ஒங் கடுதாசிய அமாந்தோவுக்குப் படிச்சுக் காட்டினேன். இப்ப தெனமும் போறேன். புத்தகத்துல இன்னும் அஞ்சு அத்தியாயம் பாக்கி, அவன் ஒரு வரிகூடத் தாண்ட விட மாட்டேங்குறான்.

உடல்நலக் காரணம்ங்கிற எடத்துல கைய நீட்டி நிறுத்துனான். "இன்னொரு தடவ படி"ன்னான். படிச்சேன். பூங்கொத்தையும் படிச்சேன். சிரிக்கல. உள்ள போயி சட்டைய மாட்டிக்கிட்டு வந்து, "நட"ன்னான். நாலாவது காப்பிய டவுன் தபாலாபீஸ்ல ரெஜிஸ்தர் பண்ணியாச்சு. நீ உண்மையச் சொல்லியிருந்தா கிழிச்சிருப்பேன், சத்தியமா. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாதவன் ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் பூ வாங்கிக்கிறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. ஒரு தடவ நின்னு பாத்தது போதும். தேர்தல் போனப்புறம் அந்தக் காயிதத்துக்கு என்ன வெலைன்னு நீ கேப்ப. அமாந்தோவுக்குப் பேரப் புள்ளைங்க இருக்குதுங்கடா.

கடைசியா நீ கேட்டது. அவன் ஒன்னப் பத்திக் கேக்கல. ஒரு வார்த்தைகூட. கோவமும் இல்ல, திட்டவும் இல்ல. ஒனக்குக் கஷ்டமா இருக்கும், தெரியும். காலண்டர்ல பன்னெண்டு மாசமும் இருந்தவனாச்சே.

என்னத்தான் கேட்டான். நேத்து தபாலாபீஸ்லருந்து திரும்பி அவன் வீட்டு வாசல்ல எறக்கி விட்டப்ப, "நாளைக்கு வருவியா?"ன்னான். வரேன்னேன். தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டான்.

இன்னைக்குக் காலையில நான் செருப்ப மாட்டிக்கிட்டு வாசலுக்கு வர்றேன். எங்க வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம், மங்கக் கண்ணோட தடவித் தடவி அவ்ளோ தூரம் நடந்து வந்து, குச்சிய ஊனிக்கிட்டு அமாந்தோ நின்னுக்கிட்டிருக்கான். என்னக் கையோட கூட்டிட்டுப் போகணும்னு.

ஓர்யோங்